வீடியோ கேம்களில் டாரட்: சீட்டின் படம் எப்போது ஆட்டத்தின் விதியாகிறது?

பகடைக்காய் எழுதியது:

நண்பர்களே, டாரட் சீட்டுகளைக் கையாளும் வீடியோ கேம்களுக்கென்று இங்கே தனி இழை இல்லை. அதனால் நானே தொடங்குகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கேம் டாரட்டை உள்வாங்கியிருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. சீட்டின் பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டு, ஆட்டத்தில் அது என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். செயலை வைத்தே இது இன்ன சீட்டு என்று ஊகிக்க முடிந்தால் அந்தக் கேமை உருவாக்கியவர்கள் யோசித்திருக்கிறார்கள். முடியாவிட்டால் டாரட் அங்கே வெறும் ஒப்பனை.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. டாரட் கட்டில் 78 சீட்டுகள். அவற்றில் 56 சீட்டுகள் கோப்பை, வாள், கோல், நாணயம் என்று நான்கு இனங்களாகப் பிரிந்தவை. மீதி 22 தனிப்படங்கள்: மூடன், மந்திரவாதி, பேரரசி, தேர், துறவி, மரணம், கோபுரம், நிலா, சூரியன் என்று போகும். இந்த 22 சீட்டுகளைப் பெரிய ஆர்க்கானா என்பார்கள். கேம்கள் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இவற்றைத்தான்.

ஒப்பனைக்கு உதாரணம், செகாவின் 'ஹவுஸ் ஆஃப் த டெட்'. துப்பாக்கி ஆட்டமாக எனக்கு மிகவும் பிடித்தது. முதல் பாகத்தின் பெரிய எதிரிகளுக்குத் தேர், தொங்கும் மனிதன், துறவி, மந்திரவாதி என்று பெயர். ஆனால் தேர் என்பவன் கவசமணிந்து ஆயுதத்தோடு நடந்து வரும் ஓர் உருவம். துறவி ஒரு ராட்சதச் சிலந்தி. இருவரின் பெயரையும் மாற்றி வைத்தாலும் ஆட்டத்தில் எதுவும் குறையாது.

இதற்கு நேர் எதிர், 2024 பிப்ரவரியில் வந்த 'பலாட்ரோ'. போக்கர் கைகளைச் (சீட்டுச் சேர்க்கைகளை) சேர்த்துப் புள்ளி குவிக்கும் ஆட்டம். அதில் டாரட் சீட்டு என்பது உங்கள் சீட்டுக்கட்டையே மாற்றியமைக்கும் கருவி. தொங்கும் மனிதனைப் பயன்படுத்தினால் கையிலிருக்கும் இரண்டு சீட்டுகள் வரை அழித்துவிடலாம். புதிதாக ஆடுபவருக்கு அது நஷ்டமாகத் தெரியும். பழகியவருக்குத்தான் தெரியும், வேண்டாத சீட்டுகள் குறையக் குறையக் கட்டு வலுப்பெறுகிறது என்று. விட்டுக்கொடுத்துப் பெறுவது என்று டாரட் நூல்கள் அந்தச் சீட்டுக்குச் சொல்லும் பொருள் இதுதான். மரணச் சீட்டு எதையும் கொல்வதில்லை. இரண்டு சீட்டுகளைத் தேர்ந்தால், இடப்பக்கச் சீட்டு வலப்பக்கச் சீட்டாக உருமாறுகிறது. கோபுரம் ஒரு சீட்டைக் கல்லாக்கிவிடும். எண்ணும் இனமும் போய்விடும், வெறும் எடை மட்டும் மிஞ்சும். ராணியாக இருந்தாலும் கதி அதுவே.

என்னை அசத்தியது சாத்தான். அது ஒரு சீட்டைத் தங்கமாக்குகிறது. ஆனால் சுற்று முடியும்போது அந்தத் தங்கம் உங்கள் கையில் இருந்தால்தான் பணம் வரும், ஆடிவிட்டால் வராது. ஆகவே நல்ல சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆடாமல் இருக்கப் பழகுகிறீர்கள். சாத்தான் படத்தில் இருவர் கழுத்தில் தளர்வான சங்கிலியோடு நிற்பார்கள். நினைத்தால் கழற்றிவிடலாம், கழற்ற மாட்டார்கள். அந்தப் படத்தை ஒரே ஒரு விதியாகச் சுருக்கியிருக்கிறார் இதை உருவாக்கியவர்.

எல்லாச் சீட்டும் இப்படி இல்லை. நட்சத்திரம், நிலா, சூரியன், உலகம் நான்கும் மூன்று சீட்டுகள் வரை முறையே டைமண்ட், கிளாவர், ஆட்டின், இஸ்பேடு இனத்துக்கு மாற்றும் வேலையைச் செய்கின்றன. பயனுள்ளவைதான். ஆனால் நிலாவையும் உலகத்தையும் இடம் மாற்றினால் யாருக்கும் தெரியாது. என் சோதனையில் அவை தேறவில்லை.

நீங்கள் ஆடியவற்றில் எது தேறும், எது தேறாது?


அகல்விளக்கு எழுதியது:

> செயலை வைத்தே இது இன்ன சீட்டு என்று ஊகிக்க முடிந்தால்

பகடைக்காய் அண்ணா, உங்கள் சோதனை அழகானது, ஆனால் குறுகியது. சீட்டு விதியாகத்தான் மாற வேண்டுமா? மனிதராக மாறலாம், காலமாகவும் மாறலாம். 'பெர்சோனா 3' இரண்டையும் செய்தது. (கதையின் போக்கைச் சொல்லப் போகிறேன். ஆடாதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிச் செல்லுங்கள்.)

2006-இல் அட்லஸ் வெளியிட்ட இந்தக் கேமில் ஒரு பள்ளி மாணவனாக ஏறத்தாழ ஓர் ஆண்டை நாள்நாளாக வாழ்கிறீர்கள். பௌர்ணமிதோறும் ஒரு பெரிய எதிரி வருகிறான், சில மாதங்களில் இருவர். ஏப்ரலில் மந்திரவாதி, மே மாதத்தில் பெண் குரு, ஜூனில் பேரரசியும் பேரரசனும். இப்படி நவம்பரில் தொங்கும் மனிதன்வரை 12 சீட்டுகள் முடிகின்றன. டாரட் வரிசை தெரிந்தவருக்கு அடுத்த எண் என்ன என்பது தெரியும். 13, மரணம். கதைமாந்தர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று கொண்டாடும் இரவில், வரிசை தெரிந்த ஆட்டக்காரருக்கு வயிற்றைக் கலக்குகிறது. பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டால் இந்த அச்சம் போய்விடும். அண்ணாவின் சோதனைப்படி இது தேறாது. ஆனால் டாரட்டை இதைவிட ஆழமாக எந்தக் கேமும் தன் கதைக்குள் இறக்கியதில்லை என்பேன்.

மனிதர்களுக்கு வருகிறேன். ஊரில் நீங்கள் நட்புகொள்ளும் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. தொங்கும் மனிதன் யார் தெரியுமா? மைகோ என்ற சிறுமி. பெற்றோர் பிரியப்போகிறார்கள், யாரிடம் இருப்பது என்று தெரியாமல் கோயில் விளையாட்டுத் திடலில் காத்திருக்கிறாள். இரண்டு பக்கமும் இழுபட்டு, தரையில் கால் பாவாமல் இருக்கும் குழந்தைக்கு அந்தச் சீட்டைக் கொடுக்கத் தோன்றியதே, அந்த மனம் பெரியது. சூரியன் அகினாரி என்ற இளைஞன். தீராத நோயோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கோயிலில் உட்கார்ந்து ஒரு கதை எழுதுகிறான். மகிழ்ச்சி, வெற்றி, நிறைவு என்று எல்லா விளக்க நூல்களும் சொல்லும் சீட்டைச் சாகப்போகும் ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அவன் கதையை முடிக்கும்போது அந்தச் சீட்டு ஏன் அவனுடையது என்று புரிகிறது. நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி எதிரி தன் வடிவத்தை மூடனில் தொடங்கி மரணம்வரை ஒவ்வொரு சீட்டாக மாற்றிக்கொண்டு, ஒவ்வொன்றும் வாழ்க்கையின் எந்தப் படி என்று சொல்லிக்கொண்டே தாக்குகிறான். மிக நீண்ட சண்டை. சலிப்பாக இருந்தது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அந்த நீளம் வேண்டியிருந்தது. ஓர் ஆண்டு முழுக்கப் பழகிய ஒவ்வொருவரையும் அந்தப் பெயர்கள் நினைவுக்குக் கொண்டுவந்தன.


லாச்சப்பல் வாசி எழுதியது:

இருவரும் டாரட்டைப் படத்தட்டாகவே பார்க்கிறீர்கள். அது பிறந்தது ஆட்டமாக. கேம்கள் டாரட்டை எப்படித் தழுவுகின்றன என்ற கேள்விக்கு அங்கிருந்துதான் பதில் தொடங்க வேண்டும்.

15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான், ஃபெராரா, பொலோன்யா பக்கம் தோன்றிய சீட்டாட்டம் இது. 1440-இல் ஃப்ளாரன்ஸில் ஒரு நாட்குறிப்பில் இந்தச் சீட்டுக்கட்டைப் பற்றிய குறிப்பு வருகிறது. 22 படங்களும் அப்போது குறி சொல்ல வந்தவை அல்ல. மூடன் நீங்கலாக எல்லாம் துருப்புச் சீட்டுகள். மற்ற நான்கு இனங்களையும் வெட்டுபவை. 304 என்ற சீட்டாட்டத்தை ஆடிப் பழகியவர்களுக்குத் துருப்பை விளக்க வேண்டியதில்லை. பெரிய துருப்பு சின்னத் துருப்பை வெட்டும். மரணம் பேரரசனை வெட்டும் என்பது அங்கே தத்துவமாக வரவில்லை, 13 என்ற எண் 4-ஐ விடப் பெரிது என்பதால் வந்தது. தத்துவமும் அதற்குள்ளேயே இருக்கிறது, அது வேறு.

குறி சொல்லும் கருவியாக இது பரவியது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1781-இல் கூர் த ஜெபெலான் என்ற பிரெஞ்சுக்காரர் இது பழைய எகிப்தின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷம்போலியோன் படித்துக்காட்டியது 1822-இல். அதாவது யாராலும் எகிப்திய எழுத்தை வாசிக்க முடியாத காலத்தில் எழுந்த உரிமைகோரல் அது. ஆதாரம் ஒன்றுகூட இல்லை. ஆனால் இன்றைய கேம்களில் டாரட் வந்தாலே மர்மம், மாந்திரீகம், ஊதா வெளிச்சம் என்று வருவதற்கு வேர் அங்கேதான்.

நான் பிரான்சில் வசிக்கிறேன். இங்கே இன்றும் 78 சீட்டுகளையும் வைத்து டாரோ (டாரட்டின் பிரெஞ்சுப் பெயர்) ஆடுகிறார்கள். மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், ரயிலில் போகிறவர்கள். வழக்கமாக நால்வர் ஆட்டம். ஒருவர் தனியாக நின்று மூவரை எதிர்ப்பார். மொத்தப் புள்ளி 91. துருப்பு 1, துருப்பு 21, மூடன் மூன்றும் தனி மதிப்புள்ளவை. தனியாக நிற்பவர் வென்ற சீட்டுகளில் மூன்றும் சேர்ந்தால் 36 புள்ளியில் வென்றுவிடலாம், ஒன்றுகூட இல்லாவிட்டால் 56 வேண்டும். சீட்டுகளில் பழைய படங்கள் கிடையாது. துருப்புகளில் கிராமத்து நடனமும் நகரத்து உல்லாசமும் வரைந்திருக்கும்.

இந்த ஆட்டத்தில் மூடனின் விதியைக் கேளுங்கள். எந்த இனம் இறங்கியிருந்தாலும் மூடனைப் போடலாம். அது யாரையும் வெல்லாது. ஆனாலும் எதிராளி அதைக் கொண்டுபோக முடியாது, கடைசிச் சுற்றைத் தவிர மற்ற நேரங்களில் உங்களிடமே திரும்பிவிடும். எந்த விதிக்கும் கட்டுப்படாதவன், எந்த வரிசையிலும் இல்லாதவன், எதையும் இழக்காதவன்.

இப்போது உங்கள் கேம்களைப் பாருங்கள். 'பெர்சோனா'வில் கதாநாயகன் மூடன். எந்தச் சீட்டின் சக்தியையும் தாங்கக்கூடிய ஒரே ஆள். 'பலாட்ரோ'வில் மூடன், நீங்கள் கடைசியாகப் பயன்படுத்திய டாரட் சீட்டின் அல்லது கிரகச் சீட்டு என்ற இன்னொரு வகைச் சீட்டின் நகலைத் தருகிறான். அறை அறையாகச் சண்டையிட்டு முன்னேறும் 'தி பைண்டிங் ஆஃப் ஐசக்'கில் மூடன் உங்களைத் தளத்தின் முதல் அறைக்கே கொண்டுபோகிறான். எண் 0 என்பதை ஒருவர் காலிப் பாத்திரமாக எடுத்தார், ஒருவர் கண்ணாடியாக எடுத்தார், ஒருவர் தொடக்கப் புள்ளியாக எடுத்தார். மூன்றும் சரி. மூன்றும் அந்தப் பழைய விதியின் பிள்ளைகள் என்று எனக்குத் தோன்றுகிறது. உருவாக்கியவர்கள் பிரெஞ்சு டாரோ ஆடியிருக்க வேண்டியதில்லை. பூஜ்ஜியத்தை ஆட்டத்தில் என்ன செய்வது என்று யோசிக்கும் எவரும் அங்கேதான் போய்ச் சேர்வார்கள்.


ஒற்றைப்பனை எழுதியது:

நான் டாரட் கட்டுகளைச் சேகரிப்பவள், வாசிப்பவளும் கூட. லாச்சப்பல் வாசி சொன்ன வரலாற்றை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஆட்டம் மூத்தது என்பதால் வாசிப்பு போலி ஆகிவிடாது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் இந்தப் படங்களின் முன் அமர்ந்து தங்கள் வாழ்க்கையை யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை படங்களில் படிந்திருக்கிறது.

கேம்கள்மீது எனக்கு இரண்டு மனக்குறைகள்.

முதலாவது மரணச் சீட்டு. 1909-இல் லண்டனில் வந்த ரைடர் கட்டுதான் இன்று உலகம் அறிந்த டாரட். ஆர்தர் வெய்ட் கருத்துச் சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். பல காலம் அந்தக் கட்டு பதிப்பாளர் பெயரோடு வெய்ட் பெயரை மட்டும் சேர்த்தே அழைக்கப்பட்டது, வரைந்தவளை விட்டுவிட்டார்கள். அவருடைய மரணச் சீட்டில் வெள்ளைக் குதிரையில் கறுப்புக் கவசமணிந்த எலும்புக்கூடு. அரசன் விழுந்து கிடக்கிறான், குருமார் கைகூப்புகிறார், குழந்தை மட்டும் அஞ்சாமல் நிமிர்ந்து பார்க்கிறது. பின்னால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். அத்தனையும் விட்டுவிட்டு 'ஐசக்'கில் மரணம் என்ன செய்கிறது? அறையிலுள்ள எதிரிகள் எல்லோரையும் தாக்குகிறது. குழந்தையும் இல்லை, சூரியனும் இல்லை.

ஆனால் அதே 'ஐசக்'கில் நிதானச் சீட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு தேவதை ஒரு கோப்பையிலிருந்து இன்னொரு கோப்பைக்கு நீரை ஊற்றும் படம் அது. கேமில் அதைப் பயன்படுத்தினால் இரத்ததான இயந்திரம் தோன்றும். உயிரைக் கொடுத்தால் காசு வரும். ஊற்றுவதை அப்படியே வைத்துக்கொண்டு எதை எதற்குள் ஊற்றுவது என்பதை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அளவு தெரிந்து நிறுத்தாவிட்டால் செத்துப்போவீர்கள். நிதானம் என்பதற்கு இதைவிடக் கூர்மையான பாடம் எந்த விளக்க நூலிலும் நான் படித்ததில்லை. தீர்ப்புச் சீட்டும் அப்படித்தான். ஒரு பிச்சைக்காரர் வந்து உட்காருவார். கொடுக்கிறீர்களா என்பதுதான் தீர்ப்பு.

2021-இல் வந்த 'ரிபென்டன்ஸ்' விரிவாக்கத்தில் தலைகீழ்ச் சீட்டுகளையும் சேர்த்தார்கள். நேரான துறவி உங்களைக் கடைக்கு அழைத்துப்போவார். தலைகீழான துறவி அறையிலுள்ள பொருள்களைக் காசாக்கிவிடுவார். தலைகீழ் என்றால் கெட்டது என்று சுருக்காமல், அதே ஆற்றலின் மறுபக்கம் என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது மனக்குறை, அந்த 56 சீட்டுகள். பமேலாவின் பெரிய சாதனை அங்கேதான் இருக்கிறது. பழைய பிரெஞ்சு மார்செய் கட்டுகளில் மூன்று வாள் என்றால் மூன்று வாள்களை மட்டும் வரைந்திருப்பார்கள். பமேலா அந்த மூன்றையும் ஓர் இதயத்தில் பாய்ச்சி, பின்னால் மழையை வரைந்தார். ஐந்து நாணயத்தில் பனியில் நடக்கும் இரண்டு ஏழைகள், அருகே ஒளிவிடும் தேவாலயச் சன்னல். இவ்வளவு கதைகள் கொட்டிக்கிடக்க, கேம்கள் 22-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போகின்றன.


தேரோட்டி எழுதியது:

ஒற்றைப்பனை அக்கா, 56-ஐத் தொட்ட கேம் ஒன்று இருக்கிறது. 'சைபர்பங்க் 2077'. (முடிவுகளைப் பற்றிப் பேசுகிறேன்.)

2020-இல் வந்த மூலக் கேமில் நைட் சிட்டியின் சுவர்களில் பெரிய ஆர்க்கானா ஓவியங்களாக வரும். மிஸ்டி என்ற பெண் அவற்றைத் தேடச் சொல்லி, பொருள் விளக்குவாள். முடிவுகளுக்கும் சீட்டுகளின் பெயர்தான். பெருநிறுவனத்தை நம்பிப் போனால் சாத்தான். நாடோடிகளோடு நகரத்தை விட்டு வெளியேறினால் நட்சத்திரம். நகரத்திலேயே புகழின் உச்சிக்குப் போனால் சூரியன். கதாநாயகரின் தலைக்குள் பதிந்திருக்கும் ஜானி என்பவனுக்கு உடலை விட்டுக்கொடுத்தால் நிதானம்.

2023-இல் வந்த 'ஃபாண்டம் லிபர்ட்டி' விரிவாக்கத்தில் கோல், வாள், கோப்பை, நாணயம் நான்கின் அரசர்களையும் கொண்டுவந்தார்கள். கூடவே இன்னொரு முடிவு, கோபுரம். உயிர் பிழைக்கலாம். ஆனால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உடலில் பொருத்திய கருவிகளின் ஆற்றல் போய்விடும், விழித்தெழும்போது காலமும் நண்பர்களும் நகர்ந்துவிட்டிருப்பார்கள்.

எனக்கு அந்த முடிவு மிகவும் கனமாக இருந்தது. கோபுரச் சீட்டில் மின்னல் தாக்கும், உச்சியிலிருந்த கிரீடம் பறக்கும், இருவர் தலைகுப்புற விழுவார்கள். பார்ப்பவர்கள் எல்லோரும் அழிவைத்தான் பார்ப்பார்கள். விழுந்தவர்கள் அடுத்த நாள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த முடிவு அதைக் கேட்கிறது. பெயர்பெற்ற கூலிப்படை வீரரான கதாநாயகர், கடைசியில் கூட்டத்தில் ஒருவராகக் கலந்துபோகிறார்.


பகடைக்காய் எழுதியது:

தேரோட்டி, கோபுரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது என் சோதனையிலேயே தேறுகிறது. பெயரை மறைத்தாலும் அந்த முடிவைக் கோபுரம் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் சுவரோவியங்கள்? நகரம் முழுக்க அலைந்து அவற்றைப் பார்த்துக் குறித்துக்கொண்டதைத் தவிர, ஆட்டக்காரராக நான் எதையும் வேறுவிதமாகச் செய்யவில்லை. சீட்டு என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. மிஸ்டியின் பேச்சு அழகானது என்பதை மறுக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக 1993-இல் நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்கு வந்த 'ஓகர் பேட்டில்'. ஆட்டம் தொடங்கும்போதே வாரன் என்ற குறிசொல்லி சீட்டுகளை எடுத்து உங்களிடம் கேள்விகள் கேட்பார். பதில்களை வைத்து உங்கள் தலைவனின் குணமும் படையும் அமையும். பிறகு ஒவ்வோர் ஊரை மீட்கும்போதும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். எடுத்த உடனே படைக்கு நன்மையோ தீமையோ நேரும். அதோடு முடியவில்லை, அதே சீட்டைப் பத்திரப்படுத்தி, பின்னால் ஒரு சண்டையில் மந்திரமாக வீசலாம். ஒரு சீட்டு முதலில் உங்களுக்கு நேர்கிறது, அப்புறம் உங்கள் கையில் ஆயுதமாகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இப்படி யோசித்திருக்கிறார்கள்.

அகல்விளக்கு, 'பெர்சோனா 3'-இன் பௌர்ணமி வரிசை பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க எனக்கு வாதம் இல்லை. வரிசையே விதியாகிவிடுகிறது அங்கே. என் சோதனை ஒற்றைச் சீட்டுக்குத்தான் பொருந்தும். கட்டு முழுவதையும் ஒரே கதையாக்கும் கேமை அதைக் கொண்டு அளக்க முடியாது.


அகல்விளக்கு எழுதியது:

நன்றி அண்ணா. வரிசையைப் பற்றியே இன்னும் ஒன்று. பழைய மார்செய் கட்டில் நீதி 8, வலிமை 11. ரைடர் கட்டில் வெய்ட் இரண்டையும் இடம் மாற்றினார். இன்று உலகம் முழுக்கப் பரவியிருப்பது ரைடர் வரிசை. ஆனால் 'பெர்சோனா', 'பலாட்ரோ', 'ஐசக்' மூன்றிலும் நீதி 8, வலிமை 11. பழைய வரிசைதான். 'பெர்சோனா 5 ராயல்' இன்னும் பின்னால் போகிறது. அதில் நம்பிக்கை என்ற சீட்டைச் சேர்த்தார்கள். வழக்கமான 22-இல் அப்படி ஒன்று இல்லை. மிலானை ஆண்ட விஸ்கோன்தி குடும்பத்தின் 15-ஆம் நூற்றாண்டுக் கட்டு ஒன்றில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்ற மூன்று கிறிஸ்தவ நற்பண்புகளும் சீட்டுகளாக இருந்தன.

மரணச் சீட்டைப் பற்றி ஒற்றைப்பனை அக்காவுக்கு: 'பெர்சோனா 5'-இல் அந்தச் சீட்டு டே டகேமி என்ற மருத்துவருக்கு. மருத்துவ உலகம் அவரை ஒதுக்கிவிட்டது. தெருமுனையில் சிறிய கிளினிக் வைத்து, ஒரு நோயாளிக்காக மருந்து தேடிக்கொண்டிருக்கிறார். அவர் கதையில் செத்துப்போவது அவர்மீது சுமத்தப்பட்ட பழைய பெயர். நீங்கள் சொன்ன அந்தச் சூரியன் இங்கே இருக்கிறது அக்கா.

லாச்சப்பல் வாசி ஐயாவிடம் ஒரு கேள்வி. தொங்கும் மனிதனுக்கு இத்தாலியில் வேறு பொருள் இருந்தது என்று எங்கோ படித்த நினைவு. உண்மையா?


லாச்சப்பல் வாசி எழுதியது:

உண்மைதான். பழைய இத்தாலியில் அந்தச் சீட்டுக்குத் துரோகி என்றே பெயர் இருந்தது. துரோகம் செய்தவர்களை ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவதுபோல் பொதுச் சுவர்களில் வரைந்து அவமானப்படுத்தும் வழக்கம் அங்கே உண்டு. அந்தச் சீட்டைப் பார்த்த அக்காலத்து மனிதருக்கு ஞானம் நினைவுக்கு வந்திருக்காது, ஊர்ச் சுவர் நினைவுக்கு வந்திருக்கும். தலையைச் சுற்றிய ஒளிவட்டம் ரைடர் கட்டில் வந்து சேர்ந்தது.


அகல்விளக்கு எழுதியது:

அப்படியென்றால் 'பெர்சோனா 5'-இன் தொங்கும் மனிதன் எனக்கு இப்போது இன்னும் ஆழமாகிறார். முனேஹிசா இவாய், மாதிரித் துப்பாக்கிகள் விற்கும் கடைக்காரர். முன்பு யாகுசா கும்பலில் இருந்தவர். கைவிடப்பட்ட ஒரு குழந்தையை வளர்ப்பதற்காகக் கும்பலை விட்டு விலகியவர். பழைய கூட்டாளிகளின் கண்ணில் துரோகி. குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் தியாகி. இத்தாலியச் சுவரும் ரைடரின் ஒளிவட்டமும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டன. எழுதியவர்கள் திட்டமிட்டார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. சீட்டு அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது.

அதே கேமில் விதிச் சக்கரம் சிஹாயா மிஃபுனே என்ற டாரட் வாசிக்கும் பெண்ணுக்கு. விதியை மாற்றவே முடியாது என்று உறுதியாக நம்புபவள். சீட்டு சொன்னது பொய்த்துப்போவதை அவள் கண்முன்னே நடத்திக் காட்டுவதுதான் நமக்கு வேலை. டாரட்டையே அடிப்படையாகக் கொண்ட கேம், டாரட் வாசிப்பவளிடம் போய், சீட்டைவிட மனிதர் பெரியவர் என்று சொல்கிறது. அந்தத் துணிவு எனக்குப் பிடித்தது.


ஒற்றைப்பனை எழுதியது:

டகேமியைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி அகல்விளக்கு. நான் அந்தக் கேமை ஆடியதில்லை. இனி ஆடுவேன்.

விதியைப் பற்றிய பேச்சு வந்ததால், வாசிப்பு என்ற செயலையே ஆட்டமாக்கிய ஒரு கேமைச் சொல்ல வேண்டும். 2023-இல் வந்த 'தி காஸ்மிக் வீல் சிஸ்டர்ஹுட்'. ஸ்பெயினின் வலென்சியாவிலிருந்து டீகன்ஸ்ட்ரக்டீம் என்ற சிறு குழு உருவாக்கியது. ஃபார்ச்சூனா என்ற சூனியக்காரி, தன் கூட்டத்தின் அழிவை முன்னறிவித்ததற்காக ஒரு விண்கல்லில் ஆயிரம் ஆண்டு தனிச்சிறை வைக்கப்பட்டிருக்கிறாள். அவளிடமிருந்த சீட்டுக்கட்டையும் பறித்துவிட்டார்கள். 200 ஆண்டுகள் கழித்து ஒரு பழைய சக்தியோடு ஒப்பந்தம் செய்து, புதிய கட்டு ஒன்றைத் தானே உருவாக்குகிறாள்.

உருவாக்குவது நாம்தான். பின்னணி, உருவம், சின்னம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அடுக்குகிறோம். நெருப்பு, நீர், காற்று, நிலம் என்று ஒவ்வொரு சீட்டிலும் சில ஆற்றல்கள் சேர்கின்றன. பிறகு பார்க்க வருபவர்களுக்கு அந்தச் சீட்டுகளை விரித்துக் குறி சொல்கிறோம். ஒரு சீட்டு விழுந்தால் அதற்குச் சில வாசிப்புகள் திறக்கும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்து வந்தவரிடம் சொன்னால், அது பின்னால் நடந்துவிடுகிறது.

கட்டு வாசிப்பவருக்கே இருக்கும் அச்சம் இதில் அப்படியே இருக்கிறது. எதிரே இருப்பவர் ஆவலோடு பார்த்துக்கொண்டிருப்பார். சீட்டு மூன்று விதமாகப் படிக்க இடம் தரும். மூன்றும் நேர்மையான வாசிப்புகள்தான், எதைச் சொல்வது என்பது நம் பொறுப்பு. இந்த உணர்வை வேறு எந்தக் கேமும் எனக்குத் தந்ததில்லை. ரைடர் கட்டின் ஒரு சீட்டுகூட இதில் கிடையாது, ஆனாலும் டாரட்டுக்கு மிக நெருக்கமாக வந்த கேம் இதுதான் என்பேன். பகடைக்காய், உங்கள் சோதனைக்கு நான் ஒன்றைச் சேர்க்கிறேன்: சீட்டு விழுந்தபின் ஆட்டக்காரர் பேச வேண்டியிருக்கிறதா, வெறுமனே பெற்றுக்கொள்கிறாரா?


பகடைக்காய் எழுதியது:

அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் 'பலாட்ரோ' பேச இடம் தருவதில்லை. ஆனால் எந்த இரண்டு சீட்டை அழிப்பது, எதை எதுவாக மாற்றுவது என்று தீர்மானிக்க வைக்கிறது. 'ஐசக்' அந்த அளவுகூட இல்லை, எப்போது பயன்படுத்துவது என்பது மட்டுமே நம் கையில். 'காஸ்மிக் வீல்' வாங்கிவிட்டேன், இந்த வாரம் தொடங்குகிறேன்.


சிறுவாணி எழுதியது:

வணக்கம். இந்த இழையைப் படித்துத்தான் டாரட் பற்றியே அறிந்தேன். என்னிடம் சாதாரண ஆண்ட்ராய்டு போனும் பழைய மடிக்கணினியும் இருக்கின்றன. எதில் தொடங்கலாம்? சூதாட்டமாக இருக்குமோ என்று வீட்டில் கேட்பார்கள், அதையும் சொல்லுங்கள்.


அகல்விளக்கு எழுதியது:

வாருங்கள் சிறுவாணி. போனிலேயே தொடங்குவதென்றால் 'பலாட்ரோ'. 2024 செப்டம்பரில் போனுக்கும் வந்துவிட்டது. போக்கர் கைகளின் பெயர்கள் வந்தாலும் பந்தயம் கிடையாது, உண்மைப் பணமும் புழங்காது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் போதும். வீட்டில் அப்படியே சொல்லுங்கள்.

'ஐசக்' பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஆனால் மதமும் குழந்தை வதையும் கலந்த இருண்ட கதை, இரத்தமும் அதிகம். அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கதைதான் வேண்டும், வன்முறை வேண்டாம் என்றால் ஒற்றைப்பனை அக்கா சொன்ன 'காஸ்மிக் வீல்' நல்லது. வாசிக்க நிறைய இருக்கும், ஆங்கிலம் ஓரளவு வேண்டும்.

'பெர்சோனா 3'-க்கு 2024-இல் வந்த புதிய பதிப்புக்குப் பழைய மடிக்கணினி போதாது. முந்தைய 'போர்ட்டபிள்' பதிப்பு கணினிக்கும் வந்திருக்கிறது, அதைப் பாருங்கள். நிறைய மணிநேரம் பிடிக்கும் ஆட்டம், விடுமுறையில் தொடங்குங்கள். கோயில் பக்கம் போனால் மைகோவோடு முதலில் பழகுங்கள். அந்த நட்பு ஓரளவு வளர்ந்த பிறகுதான் அகினாரியைச் சந்திக்கும் வழி திறக்கும். பலர் இது தெரியாமல் அவனைப் பார்க்காமலேயே கேமை முடித்துவிடுகிறார்கள்.